தாமதத்திற்கு வருந்துகிறோம்

அந்த ரயில் நிலையத்தில் அவள் முகம் யாருக்கும் தெரியாது. குரல் தெரியாதவர்கள் இல்லை. மாடியில் ஒரு கண்ணாடி அறை, ஒரு மைக், ஒரு நாற்காலி. பதினோரு வருஷமாக அங்கே உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடைக்கு எப்போது வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். முடிக்கும்போது மறக்காமல் ஒரு வரி: "தாமதத்திற்கு வருந்துகிறோம்." கெட்டுப்போனது இஞ்சின், வருத்தம் இவளுக்கு! சுமை தூக்குகிறவர்கள் அவளுக்கு 'வருந்துகிறோம் அக்கா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

உடன் வேலை பார்த்தவள் பிரசவ விடுப்பில் போய் மூன்று மாதம். இரண்டு பேர் வேலை இவள் தலையில். போதாக்குறைக்குத் தண்டவாளம் மாற்றுகிறார்கள். ஒரு வண்டியாவது நேரத்துக்கு வரவேண்டுமே, ஊஹூம்.

அவள் குரல் எதிர்க்கூரை வரை போய் அரை நொடி கழித்துத் திரும்பி வரும். கொஞ்ச நாளாக, யாரோ பதில் சொல்கிறார்கள் என்று நினைத்து அதற்காகக் காத்திருக்க ஆரம்பித்தாள். கண்ணை மூடினால் தூக்கம் வரவில்லை, வண்டிகள்தான் வந்தன. தேநீர் ருசியில்லாமல் வெறும் வெந்நீராக இருந்தது. கரண்டி விழுந்தால் நெஞ்சு படபடத்தது.

ஒருநாள் கணவர், "சாப்பாடு ஆச்சா?" என்று கேட்டார். "இருபது நிமிடம் தாமதமாக வரும்" என்றாள். அவரும் மகளும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தனக்குப் பைத்தியம் பிடிக்கிறது, வெளியே தெரிந்தால் நாற்காலி போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை ஒன்றாம் நடைமேடையை மூன்று என்று சொல்லிவிட்டாள். கூட்டம் மேம்பாலத்தில் முட்டி மோதி ஓடியது. ஒரு பெரியவருக்குப் படியில் கால் வழுக்கியது. பின்னால் வந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் அவ்வளவுதான். "யானைக்கும் அடி சறுக்கும், விடும்மா" என்றார் நிலைய அதிகாரி. அவர் விட்டுவிட்டார். அவளால் முடியவில்லை. அன்றிலிருந்து எண்களை உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

புதன்கிழமை மத்தியானம் அவள் நாத்தனார் கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஊர்க்காரி, நர்ஸ், வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பியவள். இருவரும் எலியும் பூனையும்; இவள் உப்பு என்றால் அவள் சர்க்கரை என்பாள். மேலிருந்து குரல் வந்தது: "நாற்பது நிமிடம் தாமதமாக வரும். தாமதத்திற்கு வருந்துகிறேன்."

ஒருவரும் தலை நிமிரவில்லை. நாத்தனார் மட்டும் எழுந்து மாடிப்படி ஏறினாள்.

"அண்ணி, இப்ப என்ன சொன்னீங்க, தெரியுமா?"

"ஐயோ, எந்த மேடை சொன்னேன்?" உள்ளங்கையைப் பார்த்தாள். வியர்வையில் மை கரைந்திருந்தது.

"மேடையெல்லாம் சரிதான். வருந்துகிறோம்னு சொல்லல, வருந்துகிறேன்னு சொன்னீங்க." நாத்தனார் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். மற்ற நாளாக இருந்தால் இவள் வெடுக்கென்று உதறியிருப்பாள். "தூங்கி எத்தனை நாளாச்சு?"

"எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு போல. யார்கிட்டயும் சொல்லிடாதே."

"பைத்தியமும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. வார்டுல எத்தனை பேரைப் பாத்திருக்கேன்! ரெண்டு ஆள் வேலையை ஒத்த உடம்பு எத்தனை நாள் தாங்கும்? நரம்பு களைச்சுப் போயிருக்கு. டாக்டரைப் பாத்து, நல்லா ஓய்வெடுத்தா தெளிஞ்சிடும். எங்க அண்ணனுக்குக் கண்ணு பொடனியிலயா இருக்கு?"

"இந்த வண்டி மட்டும் போயிடட்டும்..."

"திங்கட்கிழமை நடந்ததைக் கீழே சுமை தூக்கறவங்க சொன்னாங்க. அடுத்த தடவை விழறவரைப் பிடிக்க ஆள் இல்லேன்னா?"

அவள் மைக்கிலிருந்து கையை எடுத்தாள்.

நாத்தனார் வீட்டில் இரண்டு நாள் இருந்து டாக்டரைப் பார்ப்பதென்று முடிவாயிற்று. தாமதமான அதே வண்டியில் இருவரும் ஏறினார்கள். ஜன்னல் கம்பிகளின் நிழல் மடியில் மெல்ல ஆடியது. நடைமேடைக் கூரையிலிருந்து ஒரு குரல் தட்டுத் தடுமாறி இறங்கியது, நிலைய அதிகாரியின் குரல்: "தாமதத்திற்கு... ம்... வருந்துகிறோம்."

அவள் பதறி எழப் போனாள். நாத்தனார் தோளைப் பிடித்து அழுத்தினாள்.

"அவரு வருந்துறாரு அண்ணி. நீங்க தூங்குங்க."

வண்டி நிலையத்தைத் தாண்டும் முன்பே தூங்கிவிட்டாள்.