கறுப்புக் கண்ணாடி வேன்

எங்கள் மாப்பிள்ளை, அதாவது என் தங்கையின் கணவர், ஜப்பானில் யாரோ ஓட்டிச் சலித்துப்போன வேன் ஒன்றை வாங்கி எங்கள் ஊரான வத்தேகமைக்குக் கொண்டுவந்தார். கப்பல் வாங்கியவன்கூட அவ்வளவு அலட்டியிருக்க மாட்டான். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். இவர் பட்டப்பகலில் ஏசியைப் போட்டுக்கொண்டு வீட்டிலிருந்து கடைத்தெருவுக்கு வேனில் போனார். அவருடைய இரும்புச் சாமான் கடை கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

அந்த வேனில் எதற்கும் கை வேண்டாம். கண்ணாடி இறங்க ஒரு பொத்தான், கதவு பூட்ட ரிமோட். சாவியைத் திருப்பியதும் ஒரு பெண் ஜப்பான் பாஷையில் ஏதோ சொல்வாள். என்ன சொல்கிறாள் என்று கேட்டேன். "அது கம்பனிக் குரல்க்கா" என்றார் பெருமையாக. தனக்கும் விளங்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஈரக் குடையோடு ஏறக் கூடாது, கதவை அடித்துச் சாத்தக் கூடாது, கண்ணாடியில் விரல் படக் கூடாது. கோயிலில்கூட இத்தனை கட்டுப்பாடு கிடையாது. வெற்றிலை வாங்க இறங்கினாலும் கதவைச் சாத்தி ரிமோட்டை ஒரு தட்டுத் தட்டாமல் அவரால் அங்கால் நகர முடியாது. அப்படி வெளியிலிருந்து பூட்டிவிட்டால் உள்ளே இருப்பவர் திறக்க முடியாது. கள்ளனுக்குப் பயந்து செய்த ஏற்பாடாம். உள்ளே ஆள் அசைந்தால் அலாரம் வேறு ஊளையிடும்.

நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துக்குத் தினமும் ஓட்டை பஸ்ஸில் போய்வந்தவள். வெளியே மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். ஆனால் அந்த பஸ் ஒருநாளும் என்னை உள்ளே வைத்துப் பூட்டியதில்லை. அதற்குக் கதவே இல்லை.

வேனின் கண்ணாடிகளில் முன்கண்ணாடியைத் தவிர மற்றதெல்லாம் கறுப்பு. அதற்கு ஒரு காரணம் இருந்தது, அதை நான் இளக்காரமாகப் பேச மாட்டேன். எண்பத்து மூன்றுக் கலவரத்தின்போது தமிழரைத் தேடியவர்கள் எங்கள் பஸ்ஸை மறித்து, ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்து ஒவ்வொரு நெற்றியாகப் பார்த்தார்கள். நான் எச்சில் தொட்டுச் சேலைத் தலைப்பால் பொட்டை அழித்தேன். பக்கத்தில் இருந்த தங்கை வாய் திறந்துவிடக் கூடாதென்று அவள் தொடையைக் கிள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதே வாரத்தில் மாப்பிள்ளையின் லொறியிலிருந்து பெற்றோலை உறிஞ்சி, அந்தப் பெற்றோலாலேயே அவர் பழைய கடையைக் கொளுத்தினார்கள்.

"இனி எவனும் உள்ள எட்டிப் பாக்க முடியாதுக்கா. பொட்டு வச்சிருக்கா இல்லையான்னு எவனுக்குத் தெரியப் போகுது?" என்றார் வேன் வந்த அன்று.

மனுஷன் பட்ட பாட்டுக்கு அது சரியாகத்தான் பட்டது. ஆனால் அதற்குள் காலம் மாறியிருந்தது. கலவரக்காரனுக்கு நம் முகம் தெரிந்தால் ஆபத்து. யுத்தம் முற்றி, தெருவுக்குத் தெரு சோதனைச் சாவடி வந்த பிறகு, ஆமிக்காரனுக்கு நம் முகம் தெரியாவிட்டால் ஆபத்து. சாவடி வந்தால் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, உள்லைட்டைப் போட்டு, கையை வெளியே தெரிய வைத்துக்கொண்டு பேசாமல் இருக்க வேண்டும். ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து எப்போதாவது டவுனுக்கு வரும் சனங்களுக்கே இந்த ஒழுங்கு தெரியும்.

"தம்பி, அந்தக் கறுப்புக் கண்ணாடிய மாத்திருங்க" என்று எத்தனையோ தரம் சொன்னேன்.

"சும்மா இருங்கக்கா. வேனோட அழகே அதுதான்."

தங்கைக்கு இரண்டு தரம் பிள்ளை தங்காமல் போய், மூன்றாவது தரித்து எட்டு மாதம். ஒருநாள் மத்தியானம் திடீரென்று இரத்தம் பட ஆரம்பித்தது. பேராதனைப் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நியாயத்தைச் சொல்ல வேண்டும், அந்த நேரத்தில் வீட்டு வாசலில் வேன் நின்றது பெரிய புண்ணியம். பஸ் மாறி மாறிப் போவதென்றால் அவள் வழியிலேயே முடிந்திருப்பாள். சீட்டைச் சாய்த்து அவளைப் படுக்க வைத்தோம். ஏசி குளுகுளு என்றிருந்தது. அப்போது நான் அந்த வேனை மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டேன்.

நல்ல மழை. சாவடியில் ஆமிக்காரன் கையைக் காட்டினான். மாப்பிள்ளை பதற்றத்தில் கண்ணாடியையும் இறக்கவில்லை, லைட்டையும் போடவில்லை. ஆஸ்பத்திரி கேஸ் என்று சொல்லச் சாவியை உருவிக்கொண்டு கீழே குதித்தார். குதித்தவர் பழக்கதோஷத்தில் கதவைச் சாத்தி, ரிமோட்டைத் தட்டினார்.

அடப் பாவி மனுஷா.

நான் தங்கையின் தலையைத் தூக்கி மடியில் வைத்தேன். அந்த அசைவுக்கு வேன் ஊளையிடத் தொடங்கியது. மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்த ஆமிக்காரர்கள் துவக்கோடு குந்திவிட்டார்கள். அவர்கள் கண்ணால் பாருங்கள்: உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத கறுப்பு வேன். அதிலிருந்து குதித்தவன் கையில் பொத்தான் வைத்த சின்னச் சாமான். அதைக் கீழே போடு, கீழே போடு என்று சிங்களத்தில் கத்துகிறார்கள். கத்தக் கத்த இவரோ கதவைத் திறக்க அதையே அமத்தப் பார்க்கிறார். சுடாமல் விட்டது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். ஒருவன் பாய்ந்து அவரைச் சேற்றில் குப்புற விழுத்தினான். ரிமோட் பறந்து, தெருவோரக் கானில் ஓடிய மழைத் தண்ணீரோடு போயே போய்விட்டது.

ஏசியும் நின்றுவிட்டது. உள்ளே நானும் தங்கையும் மட்டும். கதவை இழுத்தேன், கண்ணாடியில் அடித்தேன். அந்த அலாரச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? தங்கை, "அக்கா, புள்ள அசையலக்கா" என்றாள். அப்போது எனக்கு வந்த பயம் கலவரத்திலும் வந்ததில்லை.

கறுப்பில்லாத கண்ணாடி முன்னால் இருக்கிறதே என்று அப்போதுதான் புத்தியில் பட்டது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்சீட்டுக்கு மேலால் ஏறி விழுந்தேன். முகத்தைக் கண்ணாடியில் அப்பிக்கொண்டு, இரத்தம் பட்ட கைகள் இரண்டையும் விரித்துக் காட்டினேன். பிறகு என் வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்து, பிள்ளைத்தாச்சி என்று காட்டினேன். நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது.

ஒரு ஆமிக்காரன் துவக்கைத் தாழ்த்திக்கொண்டு கிட்ட வந்து பார்த்தான். என்னைத் தள்ளிப் போகச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு, துவக்கின் பின்பக்கத்தால் பக்கக் கண்ணாடியை அடித்து நொறுக்கினான். அந்த உடுப்பைக் கண்டால் நான் இன்றும் தெருவின் மற்றப் பக்கம் மாறி நடப்பேன். ஆனால் அவன் தங்கையை "நங்கி, நங்கி" என்று தன் தங்கை போலக் கூப்பிட்டுக்கொண்டே இரண்டு கையாலும் தூக்கி வெளியே எடுத்தான். வரிசையில் நின்ற ஒரு த்ரீவீலரில் எங்களை ஏற்றினான். சாரதிக்குப் பக்கத்தில் தானும் தொற்றிக்கொண்டான். அவனைக் கண்டதும் மற்றச் சாவடிகளில் வழி விட்டார்கள். படபடவென்று கத்திக்கொண்டு, மழைச் சாரல் உள்ளே அடிக்க, கதவும் கண்ணாடியும் இல்லாத அந்தத் தகரப் பெட்டி எங்களைப் பேராதனைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

போனதும் ஒப்பரேசன். பிழைத்தது இரண்டு உயிரும்.

ஆமிக்காரர்கள் மாப்பிள்ளையை விசாரித்து வெளியே விட மறுநாள் ஆனது. பார்வையாளர் நேரத்தில் வார்டுக்கு வந்தார். சட்டையில் சேறு காய்ந்திருந்தது, கன்னம் வீங்கியிருந்தது. எனக்கே பாவமாகப் போய்விட்டது. கட்டிலருகே நின்று மூச்சு வாங்கினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"வர்ற வழியில விசாரிச்சேன், அந்தக் கண்ணாடி இங்க எங்கயும் கெடைக்காதாம்க்கா. ஜப்பான்ல இருந்துதான் வரணுமாம்."

தங்கை தையல் வலியோடு மெல்லத் தலையைத் திருப்பினாள். கல்யாணமான நாளிலிருந்து அவரை எதிர்த்து ஒரு சொல் பேசாதவள்.

"வரட்டும்ங்க. வந்ததும் அது ஆம்பளையா பொம்பளையான்னு கேட்டுக்கங்க" என்றாள். "எனக்குப் பொம்பளப் புள்ள."

அதற்குப் பிறகுதான் அவர் அவளுக்குப் பக்கத்தில் துணி சுற்றிக் கிடந்த பிள்ளையைப் பார்த்தார்.