மாடிப்படியில் திக்கிய பேய்

நேற்றே ஊறப்போட்ட மொச்சையைப் பிதுக்கிக்கொண்டே, இடையிடையே கையைத் துடைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். பிதுக்குவதும் கட்டைவிரல், பேயிடமிருந்து தப்பி ஓடுவதும் அதே கட்டைவிரல்தான். கையில் பிடித்து ஆடுகிற கேம் மெஷினில் பேய் விளையாட்டைச் சோதிப்பது என் தொழில். கோளாறைச் சரிசெய்து ஒவ்வொரு பேட்ச் வரும்போதும், அதே பாழடைந்த ஆஸ்பத்திரிக்குள் மறுபடி நடந்து, ஓடுகிற படம் எங்கே நின்று நின்று திக்குகிறது என்று எழுதித் தரணும். வீட்டு வேலையையும் சம்பள வேலையையும் ஒரே கையில் பிடித்திருக்கிற உங்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம்.

கண் பரீட்சை

நான் எட்டாவதோடு நின்றவள். ஓசூரில் ஒரு கம்பெனியில் செல்போன் திரை சோதிக்கிற லைனில் இருந்தேன்; பாப்பா பிறந்ததும் ஷிஃப்ட் ஒத்துவரவில்லை. இந்த கேம் ஆபீஸில் வேலை கேட்டுப் போனபோது, சோதிக்கிறவர்களுக்கு மேலாளரான மஞ்சு சார் ஒரு காட்சியை ஓட்டிக் காட்டினார். வந்திருந்தவர்கள் எல்லோரும் பேயைப் பார்த்தார்கள். பேய்க்குப் பின்னால் திரைச்சீலை ஒருதரம் நின்று அசைந்ததை நான் காட்டினேன், விரலால்தான், பேச வாய் வரவில்லை. சார் கன்னடத்தில் என்னமோ முணுமுணுத்துவிட்டுத் தமிழுக்கு வந்தார்: "பேசவே வேணாம்மா, எழுதிக் குடு போதும்."

மூட்டுவலி

என் வீட்டுக்காரர் மாங்கூழ் கம்பெனிக்கு லோடு அடிப்பவர். முதல் பேட்ச் வருவதற்கு முன்னால், அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் பேய் நாலு இடத்தில் நின்று நின்று வரும். அதற்கு மூட்டுவலியா என்று கேட்டுச் சிரிப்பார். பேட்ச் போட்டதும் அவர் கையிலேயே மெஷினைக் கொடுத்தேன். பேய் வழுக்கிக்கொண்டு வந்தது. மெஷினை மெத்தையில் கவிழ்த்துவிட்டு எழுந்தே விட்டார். "ஏம்மே, இதுக்கு அந்த மூட்டுவலிப் பேயே தேவலாம்."

சார்ஜர் ஒயர்

போன தடவை வந்த பேட்ச்சில்தான் நான் தனியாக மாட்டிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வெளியிடணும். ஆபீஸில் உட்கார்ந்து சோதிக்கிற ஆறு பேரும் சுத்தமாக ஓடுது என்று எழுதிவிட்டார்கள். பாப்பாவுக்காக வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற என் மெஷினில் மட்டும், மாடிப்படியில் பேய் திக்கியது. அப்படியே எழுதி அனுப்பினேன்; அது தப்பென்றால் இனி என் எழுத்தை யார் நம்புவார்கள்? அந்த நம்பிக்கையில்தான் வேலையே நிற்கிறது. உன் மெஷினில் மட்டும் ஏன் என்று திங்கள்கிழமை மீட்டிங்கில் கேட்டார்கள். இன்னொரு தரம் ஓட்டிப் பார்க்கிறேன் என்று எழுதித்தான் அனுப்பினேன்.

மறுநாள் பாப்பாவுக்குச் சோறு ஊட்டும்போது உறைத்தது. அவள் ஒயரைக் கண்டால் இழுக்கிற வயசு. அதனால் நான் சார்ஜரில் போட்டு ஆடுவதே இல்லை. ஆபீஸிலோ, காலையில் சொருகினால் வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் பிடுங்குவார்கள். பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அந்த ஆறு பேரில் ஒருத்தரான நஸ்ரீன் அக்காவின் மெஷினிலிருந்து ஒயரைப் பிடுங்கினேன். பேட்டரிக்கு வந்ததும் மெஷின் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மாடிப்படியில் புகையோ அதிகம், அதை வரைய அந்த வேகம் போதாது. எல்லோர் கண் முன்னாலும் பேய் நின்று நின்று இறங்கியது.

வெளியீடு ஒரு வாரம் தள்ளிப்போனது. புகையைக் குறைத்து வந்த பேட்ச்சில் பேய் தண்ணீர் வழிவதுபோல் இறங்குகிறது. பேட்டரியில் படம் திக்கிய கோளாறு சரிசெய்யப்பட்டது என்று பேட்ச் குறிப்பில் ஒரு வரி உண்டு. அது என் வரி. நஸ்ரீன் அக்கா பாப்பாவின் கன்னத்தைக் கிள்ளினார்: "ஆறு பேரும் ஒயரைக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தோம்டி, உம் பொண்ணுதான் எங்களுக்கு சூப்பர்வைசர்."

ஆடுகிறவர் நடுங்கலாம், படம் நடுங்கக் கூடாது, இவ்வளவுதான் என் தொழில் என்று அடுத்த மீட்டிங்கிலாவது வாய் திறந்து சொல்லிவிடுவதென்று இருக்கிறேன், ஆனால் இதோ மஞ்சு சாரே போனில் கூப்பிடுகிறார், புது பேட்ச்சைப் பற்றி இப்போதே எல்லோரிடமும் நான்தான் பேசணுமாம், கையெல்லாம் மொச்சைத் தோல், முதலில் நான் என்ன சொல்லப்போகிறேன் என்றால்…