கழற்றி ஏற்றக்கூடிய அலுமாரி

1. சுவரில் வைத்த கை

சுவரில் அலுமாரியைப் பொருத்திப் பூட்டுகிற நாள் அது. ஓமந்தையிலிருந்து வந்திருந்த தச்சர் சிவம் பாஸ், பென்சிலால் போட்ட புள்ளிக்கு நேரே ட்ரில்லைப் பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்காரர் கதிரவேலு அண்ணை வந்து அந்தப் புள்ளியின் மேல் தன் உள்ளங்கையை வைத்தார்.

"பிள்ளை, இதைச் சுவரோடை சேத்துப் பூட்டினா, பிறகு கழட்டேலுமோ?"

நான் பெருமையாகச் சொன்னேன்: "கழட்டவே தேவையில்லை அண்ணை. வீடு இருக்கும் மட்டும் இதுவும் இருக்கும்."

"அப்ப எனக்கு வேண்டாம்."

அவ்வளவுதான் சொன்னார். கையை எடுக்கவில்லை. சிவம் பாஸ் என்னைப் பார்த்தார். நான் அண்ணைக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி பரமேஸ்வரி ரீச்சரைப் பார்த்தேன். என்னை வேலைக்கு அமர்த்தியவர் அவர்தான். அவர் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நெளுக்குளத்தில் திரைச்சீலை தைக்கும் கடையொன்றில் பதினாறு வருடம் இருந்துவிட்டு, 'உள்ளக அலங்காரம்' என்று போர்ட் எழுதி வெளியே வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. தனியாக எடுத்த முதல் வேலை இது. நான் விலகிய அன்று கடை முதலாளி, "ஆறு மாசத்திலை திரும்பி வருவீர். உம்மடை மெசினை ஒருத்தருக்கும் குடுக்க மாட்டன்" என்று சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார். சுவரில் அண்ணையின் கையைப் பார்த்தபோது எனக்கு அந்தத் தையல் மெசின்தான் கண்ணுக்குள் வந்து நின்றது.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் என்னிடம் டிசைன் கேட்டு வருகிறார்கள். டிசைன் போனிலேயே கொட்டிக் கிடக்கிறது. ஆகவே நான் அவர்களுக்கு இந்த அலுமாரியின் கதையைத்தான் சொல்கிறேன்.

2. ரீச்சர் என்னைப் பிடித்த விதம்

பரமேஸ்வரி ரீச்சர் ஸ்கந்தபுரத்தில் முன்பள்ளி ஆசிரியை. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு. இரண்டு அறை, ஒரு ஹோல், சமைக்க ஒரு குசினி. சீட்டுப் பிடித்துச் சேர்த்த சின்னத் தொகைதான் கையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அவர் ஆள் தேடியதைக் கேட்டால் சிரிப்பு வரும்.

முதலாமவர் வீட்டைப் பார்க்காமலேயே வட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினார். படத்தில் இருந்த வெள்ளை சோபாவை உள்ளே வைத்தால் ரீச்சரும் கணவரும் வெளியில்தான் நிற்க வேண்டும். இரண்டாமவர் நேரே வந்தார். வந்த கையோடு அண்ணாந்து கூரையைப் பார்த்து, "ஜிப்சம் சீலிங் அடிக்காமல் இந்த வீட்டிலை ஒண்டும் செய்யேலாது" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவதாகத்தான் யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

"தங்கச்சி, முதலே சொல்லிப்போடுறன். என்னட்டை இருக்கிறது இவ்வளவுதான்" என்று போனிலேயே தொகையைச் சொன்னார். "ஏலுமெண்டா வந்து பாருங்கோ. ஏலாதெண்டா ரீ குடிச்சிட்டுப் போங்கோ, பஸ் காசு நான் தாறன்."

இத்தனை வருடத்தில் இதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. பெரும்பாலானோர் கையிலிருக்கும் காசைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் முழுவதையும் விழுங்கிவிடுவோம் என்று பயம். நாங்களும் தெரியாமல் பெரிதாக ஒரு படம் கீறிக்கொண்டு போவோம். அவர்களுக்கு முகம் விழுந்துவிடும். பிறகு அந்த வேலை சரிவராது.

நான் பஸ்ஸில் போய் இறங்கினேன். நான் செய்த வேலைகளின் படத்தை ரீச்சர் கேட்கவில்லை. நல்ல காலம், காட்ட என்னிடம் ஒன்றும் இருக்கவுமில்லை. வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த வீட்டிலை எதை மாத்தாமல் விடுவீங்கள்?"

நான் யோசித்துவிட்டு, சிவப்புச் சீமெந்து நிலத்தையும், நாலு மரக் கதிரைகளையும், கிழக்கு ஜன்னலையும் சொன்னேன். "அப்ப தொடங்குங்கோ" என்றார். ஆள் பிடிக்கிறவர்கள் எல்லோரும் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் மாற்றுவேன் என்கிறவரை வாசலோடு அனுப்பிவிடலாம், பாதிக் காசு மிச்சம்.

பிறகு என்னைப் படுக்கை அறைக்குக் கூட்டிப்போனார். மூலையில் இரண்டு தகரப் பெட்டிகள். பக்கத்தில் கயிறு போட்டுக் கட்டிய உரப்பைப் பொதிகள் மூன்று.

"இதுகள் இங்கையிருந்து போகோணும் தங்கச்சி. இந்த வீட்டுக்கு வந்து ஏழு வருசம். இன்னும் ஒரு சீலை எடுக்கிறதெண்டா முடிச்சு அவிழ்க்கிறன். இவர் அவிழ்த்து வைக்க விடுறார் இல்லை. ஒரு நாளாவது வீட்டிலை இருக்கிற ஆள் மாதிரி அலுமாரியைத் திறந்து சீலை எடுக்கோணும்."

நான் கொப்பியில் எழுதிக்கொண்டது: 'சாமான் வைக்க இடம் போதாது.' எவ்வளவு கெட்டித்தனம் பாருங்கள்! அவர் சொன்ன அத்தனையையும் கேட்டுவிட்டு இடப்பிரச்சினை என்று எழுதினேன். அண்ணை அப்போது முற்றத்தில் தன் லாண்ட்மாஸ்டர் உழவு வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றார். அவரிடம் நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை. வீட்டு அலங்காரத்தில் ஆம்பிளைக்கு என்ன கதை என்பது என் எண்ணம்.

3. பெட்டியின் அளவு

அண்ணை சுவரில் கையை வைத்த அன்று, எனக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. பலகை வெட்டியாகிவிட்டது, மனுசன் இப்போது வந்து வேண்டாம் என்கிறார். நாலு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று அவருக்குப் பின்னாலேயே முற்றத்துக்குப் போனேன். நான் வாயைத் திறக்க முதல் அவரே சொன்னார்.

"பிள்ளை, கோவிக்காதேங்கோ. முந்தி நான் ஒரு அலுமாரி செய்விச்சனான். நல்ல முதிரை மரம். இடம்பெயர்ந்து வெளிக்கிட்ட அண்டைக்கு இந்த வண்டிப் பெட்டியிலை ஏத்திப் பாத்தம். ஏறேல்லை. கழட்டவும் ஏலாது. அப்பிடியே விட்டிட்டு வந்தம். மனுசி வழி முழுக்கத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கொண்டு வந்தவ."

லாண்ட்மாஸ்டரின் பின்பெட்டியில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"இப்ப அப்பிடி ஒண்டும் இல்லையெண்டு எனக்குத் தெரியும் பிள்ளை. மனம் கேக்குதில்லை."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சண்டை நடந்த அந்த நாட்களில் நான் நெளுக்குளத்தில் என் வீட்டில் இருந்தவள். பொதி கட்டி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், சோறு கொடுத்திருக்கிறேன். ஆனால் எதை ஏற்றுவது, எதை விடுவது என்று என் முற்றத்தில் நான் நின்றதில்லை. அவருடைய பொதிகள் எனக்கு அறையின் அழகைக் கெடுக்கும் குப்பையாகத் தெரிந்திருக்கின்றன.

இடுப்பிலிருந்த டேப்பை எடுத்தேன்.

"அண்ணை, அந்தப் பக்கத்தைப் பிடியுங்கோ. பெட்டியை அளப்பம்."

அவர் பிடித்தார். நீளம், அகலம், பலகையின் உயரம் எல்லாம் எழுதினேன். சிவம் பாஸ் வாசலில் வந்து நின்று, "வீட்டுச் சுவரை விட்டிட்டு வண்டிப் பெட்டியை அளக்கிறா, பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்றார். குசினிக் கதவு கொஞ்சம் திறந்தது.

அலுமாரியின் படத்தை மறுபடி கீறினோம். எந்தத் துண்டும் அந்தப் பெட்டியைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. ஆணி இல்லை, பசை இல்லை, முழுக்க நட்டும் போல்ட்டும். எல்லாப் போல்ட்டும் ஒரே அளவு, ஒரே ஸ்பனர் போதும். சுவரில் ஒரு ஓட்டையும் போடாமல் சொந்தக் காலில் நிற்க வேண்டும். கூரை வரைக்கும் போக இருந்த மேல் தட்டுகளை வெட்டிவிட்டேன். அதனால் ரீச்சர் சொன்ன தொகைக்குள்ளேயே அடங்கியது. பாஸ் முதலில் முணுமுணுத்தார். பிறகு அவருக்கே அதில் ருசி பிடித்து, ஒவ்வொரு துண்டிலும் இலக்கம் வெட்டிக் கொடுத்தார்.

பூட்டுகிற நாளில் அண்ணை பாஸை முறுக்க விடவில்லை. தானே பூட்டினார். பூட்டி முடித்துவிட்டு, முழுவதையும் கழற்றினார். கழற்றி, துண்டு துண்டாகக் கொண்டுபோய் லாண்ட்மாஸ்டரில் ஏற்றினார்! நாங்கள் மூன்று பேரும் பின்னாலேயே போனோம். எல்லாம் அடங்கியது. பெட்டியில் இன்னும் இடமும் இருந்தது. அவர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்துவிட்டு, ஒவ்வொன்றாக இறக்கினார்.

இரண்டாம் தரம் பூட்டியதும், ஸ்பனரைக் கதவு நிலையில் ஒரு ஆணி அடித்துத் தொங்கவிட்டார். பிறகு அறை மூலைக்குப் போய் முதலாவது பொதியைத் தானே தூக்கி வந்து ரீச்சருக்கு முன்னால் வைத்தார்.

"அவிழுமப்பா" என்றார்.

ரீச்சர் கயிற்றைப் பிடித்து இழுத்தார். முடிச்சு இறுகிப்போயிருந்தது, நானும் குந்தியிருந்து உதவினேன். அழுகையும் சிரிப்புமாக ஒவ்வொரு சீலையாக எடுத்து அடுக்கினார். அப்பாடா என்று எனக்கு மூச்சு வந்தது அப்போதுதான். மற்றப் பொதிகளையும் பிரித்து அடுக்கிய பிறகு, வெறுமையான தகரப் பெட்டிகள் இரண்டையும் ஹோலில் சேர்த்து வைத்து, மேலே மெத்தை தைத்துப் போட்டேன். சோபா வாங்கும் செலவு மிச்சம். அடையாள அட்டை, காணி உறுதி, பிறப்புப் பத்திரம் எல்லாம் இருந்த பையை மட்டும் அண்ணை கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்.

அந்த வீட்டைப் பார்த்தவர்கள் சொல்லித்தான் அடுத்த மூன்று வேலைகளும் வந்தன. கடை மெசினுக்கு நான் திரும்பவில்லை.

4. ஆணி

அன்றிலிருந்து புது வீடொன்றுக்குப் போனால், டேப்பை எடுக்க முதல் அந்த வீட்டிலிருக்கும் எல்லோரோடும் இருந்து கதைக்கிறேன். கூப்பிட்டவரோடு மட்டுமல்ல, முற்றத்தில் நிற்பவரோடும். சாமான்கள் இப்போது எங்கே இருக்கின்றன, ஏன் அங்கே இருக்கின்றன என்று கேட்கிறேன். நான் படித்த பாடம் அவ்வளவுதான்.

போன வருடம் ரீச்சர் திரைச்சீலை மாற்றக் கூப்பிட்டார். உள்ளே போகும்போது என் கண் தன்பாட்டில் கதவு நிலைக்குப் போனது. ஆணியில் ஒரு கலண்டர் தொங்கியது.

"அண்ணை, ஸ்பனர் எங்கை?"

"ஸ்பனரோ?" அவர் தலையைச் சொறிந்தார். "பக்கத்து வீட்டுத் தம்பி தண்ணிப் பம்ப் கழட்ட எண்டு கொண்டுபோனவன். எப்ப எண்டும் ஞாபகமில்லை. ஏன் பிள்ளை, உங்களுக்கு வேணுமோ? வாங்கிக்கொண்டு வரட்டோ?"

"வேண்டாம் அண்ணை" என்றேன். "அது அங்கையே இருக்கட்டும்."