தானாக டயல் செய்யும் கம்ப்யூட்டர்

மடற்குழு நண்பர்களே, ஓர் உதவி வேண்டும்.

இன்று காலை தங்கையைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். போன் செய்வதாக மாப்பிள்ளை சொல்லியிருந்தார். நான் போத்தனூர் வீட்டில், கம்ப்யூட்டரில் நேற்று போட்ட புது சிஸ்டத்தில் ஆபீஸ் கடிதம் அடித்துக்கொண்டிருந்தேன்.

அதில் நான் கேட்காத வசதி ஒன்று உண்டு. தானாகவே வீட்டு போன் லைனில் இன்டர்நெட்டுக்கு டயல் செய்துவிடும்; அதுவரை வெளியிலிருந்து போன் வராது. மோடம் சத்தத்தைக் குறைத்திருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்தார். "ஏனுங் தம்பி, உங்க போன் ஒரு மணி நேரமா என்கேஜுங்களாமா. மாப்பிள்ளை எங்கூட்டுக்குப் போட்டாருங்க. ரத்தம் வேணுமாமா, உங்க குரூப்புதானுங்களாமா!"

"தங்கச்சிக்கு என்னாச்சுங்க்கா?"

"அதைச் சொல்லலீங்க."

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. என்னால்தான் அவள் போய்விட்டாள் என்றே வழியெல்லாம் நினைத்தேன்.

நல்லவேளை, நேரத்துக்குப் போய் ரத்தம் கொடுத்தேன். தங்கை பிழைத்துக்கொண்டாள். பெண் குழந்தை.

சாயங்காலம் வந்து கம்ப்யூட்டரைப் போட்டால், மறுபடி டயல் செய்கிறது. வேண்டாம் என்று அழுத்தினால், மீண்டும் முயலட்டுமா என்று கேட்கிறது.

அது தானாகப் பிடித்த லைனில்தான் இதை அனுப்புகிறேன். நிறுத்தத் தெரிந்தவர்கள் பதில் எழுதுங்கள். போன் செய்தால் கிடைக்காது.