பவுனம்மாளின் இடது சக்கரம்

எங்கள் திருவொற்றியூர்க் குப்பத்தில் பவுனம்மாள் வாயைத் திறந்தால் எதிரே நிற்க ஆள் கிடையாது. சின்ன வயதிலிருந்து மீன் கூடை சுமந்து கழுத்து ஒரு பக்கம் சாய்ந்துபோனவள். யுத்தம் முடிந்து ஏலத்தில் விட்ட பட்டாளத்து வேன் ஒன்றை வாங்கினாள். இனி நம் பெண்கள் யாரும் மணலில் கூடை தூக்கி நடக்கக் கூடாது என்றாள். வேன் அலையோரம் வரும், கட்டுமரத்திலிருந்து கூடை நேரே உள்ளே ஏறும். நானும் சுமந்தவள்தான், அந்த நிம்மதி எனக்குத் தெரியும்.

பிறகுதான் வந்தது வம்பு. பிரேக் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுத்தது. பின்பக்க இடது சக்கரத்தின் பிரேக் கட்டை மட்டும் மாட்டிய சூட்டோடு தேய்ந்தது. ராயபுரத்தில் ஒரு கைவண்டிக்காரர் மயிரிழையில் தப்பினார். டிரைவர் கமால் எந்நேரமும் பிரேக்கில் காலை வைத்தே ஓட்டுகிறான் என்று பவுனம்மாள் முடிவு கட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமையோடு அவனுக்கு வேலை இல்லை என்றும் சொல்லிவிட்டாள். பிள்ளைகுட்டிக்காரன், தலை குனிந்து நின்றான்.

தண்டையார்பேட்டை மெக்கானிக் உசேன் சக்கரங்களைக் கழற்றும்போது பவுனம்மாள், கமால், நான் மூவரும் கூடவே இருந்தோம். வலது கட்டை புதுசாகவே இருந்தது.

"கால் வச்சிகினே ஓட்டினா ரெண்டு பக்கமும்தான் தேயும், அக்கா. இது ஒரு பக்கம்தான் தேஞ்சிகீது."

கட்டையைத் தள்ளும் பிஸ்டன் உப்புத் துருவில் இறுகிக் கிடந்தது. தள்ளிய கட்டை திரும்பாமல் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. உப்பு எப்படி வந்தது என்று உசேன் கேட்டார். கமால் தயங்கித் தயங்கிச் சொன்னான். தெற்கே பார்த்து நிறுத்தித்தான் ஏற்றுவோம். இடது சக்கரம்தான் எப்போதும் அலையில் நிற்கும். இன்னும் கிட்டே வா என்று அக்காதான் கூப்பிடுவாள்.

பவுனம்மாள் தேய்ந்த கட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "அப்போ தண்ணிகிட்ட போவவே கூடாதா?" என்றாள்.

போனால் திரும்பவும் இதே பேஜாருதான் என்றார் உசேன்.

மறுநாள் காலை வேன் மேலே ரோட்டில் நின்றது. பவுனம்மாள் கமாலிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.

"நீ வண்டியிலயே குந்து, நைனா. வெள்ளிக்கெயமையும் வா, அப்பாலயும் வா."

பிறகு மணலில் இறங்கித் தண்ணீர் வரைக்கும் நடந்தாள். பழைய புடவைத் துணியைச் சும்மாடாகச் சுருட்டிச் சாய்ந்த தலையில் வைத்துக்கொண்டு முதல் கூடையின் முன்னால் உட்கார்ந்தாள்.

"தூக்கி வுடு" என்றாள் என்னிடம்.

எனக்குக் கை வரவில்லை. அவள் எழுந்திருக்கவும் இல்லை. தூக்கிவிட்டேன்.