மே மாதத்துத் தோல் ஜாக்கெட்

உப்பளம் பகுதியில் சவரிராயனைத் தெரியாதவர்களுக்கும் அவருடைய ஜாக்கெட்டைத் தெரியும். கறுப்புத் தோல், கழுத்து வரை ஜிப், உள்ளே பஞ்சு வைத்த லைனிங். கத்திரி வெயிலில் அதை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போகிற ஆள் யார் கண்ணுக்குத்தான் தப்புவார்?

லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை அவருக்கு. கடலூர், விழுப்புரம், திண்டிவனம் என்று எங்கே லிஃப்ட் நின்றாலும் கம்பெனியிலிருந்து போன் வரும், கிளம்பிவிடுவார். உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவு திறந்ததும் முதலில் பார்ப்பது தன் முகத்தைத்தான் என்பதில் அவருக்கு ஒரு பெருமை. போன வருஷம் ரோட்டில் கிடந்த மணலில் வண்டி சறுக்கி முழங்கைத் தோல் உரிந்தது. அன்றைக்கு மனைவி லூர்துசெல்வி சட்டம் போட்டாள். இனிமேல் ஜாக்கெட் இல்லாமல் வண்டியைத் தொடக்கூடாது.

இதைப் போனில் கேட்ட அவளுடைய அண்ணன் அந்துவான், பிரான்ஸிலிருந்து லீவில் வரும்போது கொண்டுவந்ததுதான் அந்தத் தோல் ஜாக்கெட். அங்கத்திய குளிருக்கு அவர் போட்டுத் திரிந்தது. பிரான்ஸிலிருந்து வந்த பொருளைக் குறை சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. அங்கிருந்து வந்த சோப்பையே உபயோகிக்க மனசு வராமல் பீரோவில் துணிகளுக்கு நடுவே வைத்திருப்பவர்கள். ஜாக்கெட்டை எப்படி வேண்டாம் என்பது?

இந்த மே மாதம் கடலூரில் ஒரு லாட்ஜ் வாசலில் வண்டியை விட்டு இறங்கியவருக்குக் கண் இருட்டியது. லிஃப்டைச் சரி பண்ணப் போனவர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் ஈசிஜி எடுத்துப் பார்த்து, இதயம் நன்றாக இருக்கிறது, வெயில்தான் காரணம் என்றார். லூர்துசெல்விக்கு நம்பிக்கை வரவில்லை. அவளுடைய அப்பாவும் இப்படித்தான், கண் இருட்டுகிறது என்று உட்கார்ந்தார். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

"ஆபீஸ்லயே உக்காந்து போன் எடுக்கற வேலை தரேன்னு மேனேஜரு சொல்றாரு இல்ல? வண்டிய வித்துடுங்க."

"அங்க உக்காந்து, மாட்டிகினவங்ககிட்ட 'தோ வந்துட்டாங்க, வந்துட்டாங்க'ன்னு பொய் சொல்றதுக்கா? நெஞ்சுல ஒண்ணுமில்ல செல்வி. ஜாக்கெட்டுதான் வேவுது."

"எங்கண்ணன் குடுத்தது மேல பழி போடாதீங்க. தோலு வெயில உள்ளயே வுடாது."

"உள்ள இருக்கற என்னையும் வெளிய வுடாதே!"

இழுபறிக்குப் பிறகு ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். வெயிலுக்கென்று ஒரு ஜாக்கெட் வாங்குவது. அதைப் போட்டுக்கொண்டு, மத்தியானத்தில், அவளைப் பின்னால் உட்காரவைத்து நோணாங்குப்பம் வரை ஓட்டிக் காட்டுவது. லேசாகத் தலை சுற்றினாலும் வண்டியை விற்றுவிடுவது.

ஹெல்மெட் கடை உஸைர் சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்து டேபிள் ஃபேன் முன்னால் பிடித்தார்.

"பின்னால கைய வைங்கக்கா."

காற்று துணியைத் தாண்டி அவள் உள்ளங்கையில் அடித்தது.

"என்னாப்பா இது, மீன்வலையாட்டம்? கீழ வுழுந்தா ஆளு மிஞ்சுவாரா?"

"நெஞ்சுலயும் முதுகுலயும்தான்க்கா வலை. தோளு, முழங்கை எல்லாம் கெட்டித்துணி. உள்ள அடி தாங்கற பேடு இருக்கு, குத்திப் பாருங்க."

குத்திப் பார்த்தாள். விரல்தான் வலித்தது.

சவரிராயன் தொளதொளவென்று ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டு, "இதுதான் காத்து வாங்கும்" என்றார். உஸைர் அவரை ஸ்டூலில் உட்காரவைத்து, ஹேண்டில்பாரைப் பிடிப்பதுபோலக் கை நீட்டச் சொன்னார். முழங்கைப் பேடைப் பிடித்து ஒரு திருகு திருகியதும் அது கைக்கு அடியில் போய்விட்டது.

"வுழும்போது பேடு இங்க இருந்தா, முழங்கை எங்கண்ணே போவும்? காத்து வலையில வரும். சைஸு ஒடம்போட நிக்கணும்."

அடுத்த சின்ன சைஸை லூர்துசெல்வியே இழுத்தும் திருகியும் பார்த்தாள். பேடு நகரவில்லை. "ம்" என்றாள்.

புதியதைச் சவரிராயன் போட்டுக்கொண்டார். பழையதை மடித்து எங்கும் திணிக்க முடியவில்லை.

"குடுங்க, நானே போட்டுக்கறேன். எங்கண்ணன் குடுத்தது ஆள ஒண்ணும் முழுங்கிடாது."

புடவைக்கு மேல் மாட்டிக் கழுத்து வரை ஜிப்பை இழுத்தாள். உஸைர் டேபிள் ஃபேனை அவள் பக்கம் திருப்பினார்.

வண்டி கடலூர் ரோட்டில் ஏறியது. சவரிராயன் பாதி நேரம் ரோட்டையும், பாதி நேரம் தன் தலையையும் கவனித்துக்கொண்டிருந்தார். சுற்றுகிறதா? இல்லை. முருங்கப்பாக்கத்தில் வண்டி நெரிசலில் நின்றபோது சூடு ஏறியது. நகர்ந்ததும் காற்று வலைக்குள் புகுந்து வியர்வையைக் காய வைத்தது. அரியாங்குப்பம் பாலம் தாண்டியதும் முதுகில் தட்டு விழுந்தது.

"நிறுத்துங்க!"

வண்டி ஆடிவிட்டதோ, அவள் கவனித்துவிட்டாளோ என்று யோசித்துக்கொண்டே ஓரங்கட்டினார். அவள் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றி, ஜிப்போடு மல்லுக்கட்டினாள்.

"மொதல்ல இதக் கழட்டுங்க! மூச்சு முட்டுது!"

கழற்றியபோது அவள் முகம் சிவந்திருந்தது, ரவிக்கை தொப்பலாக நனைந்திருந்தது. பஸ் ஸ்டாப் நிழலில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஒரே மூச்சில் குடித்தாள்.

"தலை சுத்துதா?"

"சுத்துது."

"கண்ணு?"

"இருட்டிகினு வந்துச்சு. இப்ப பரவாயில்ல." நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணுமில்லயே."

அவருடைய ஜாக்கெட்டுக்குள் கையை விட்டு நெஞ்சில் வைத்தாள். சட்டை காய்ந்திருந்தது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பார்க்கிறார்களே என்று அவர் நெளிந்தார். அவள் கையை எடுக்கவில்லை.

"அப்ப நெஞ்சு இல்ல. இந்தச் சனியன்தான்."

"டாக்டரு அதத்தான சொன்னாரு?"

"டாக்டரு இதப் போட்டுப் பார்த்தாரா? இத்தினி நாளா நீங்க தூங்கறப்ப மூச்சு வருதான்னு பார்த்துகினு கெடந்தேன்யா!" என்று அவர் தோளில் ஒரு அடி வைத்தாள். அடி பேடில் விழுந்தது. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.

போன் அடித்தது. கம்பெனி. கடலூரில் ஒரு லிஃப்ட் நின்றுவிட்டது. சவரிராயன் போனைக் கையால் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"வர்றேன்னு சொல்லுங்க. டூல்ஸ் வண்டியிலதான இருக்கு? எனக்கு ஒரு ஆட்டோ புடிச்சி வுட்டுட்டுக் கிளம்புங்க. வழியில தண்ணி குடிங்க."

"மச்சான் கேட்டாருன்னா?"

"நான் சொல்லிக்கறேன். அடுத்த லீவுக்கு வந்துட்டுத் திரும்பிப் போவும்போது அண்ணனே இதப் போட்டுகினு போவட்டும்."

ஆட்டோவில் உட்கார்ந்த பிறகுதான் லூர்துசெல்விக்கு, அவருக்கு என்ன ஆகுமோ என்ற கவலையில் காலையிலிருந்து தான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. நல்ல பசி.