பனி பிடித்த இறக்கை

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இப்போது சிறிய விமானம் ஓட்டுகிறேன். போன குளிர்காலத்தில் வடக்கே ஒரு மலை நகரத்துக்குப் போகும்போது, மேகத்துக்குள் இறக்கைகளில் பனிக்கட்டி பிடித்துவிட்டது. அதை உடைக்கும் கருவியும் நின்றுபோனது.

பின்னால் இருந்த ஒரே பயணி, எங்கள் ஊர் காரமடையில் பெரிய தோட்டத்துக்குச் சொந்தக்காரர். அவர் தோட்டத்தில்தான் அப்பா கூலி வேலை செய்கிறார். எங்கள் வீட்டில் அவரைப் பண்ணாடி, அதாவது எஜமான், என்போம். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

வேகம் குறைந்தால் விமானம் கல் போல விழும். எஞ்சின் விசையைக் குறைக்காமல், வழக்கத்தைவிட வேகமாகவே தரையிறக்கினேன். ஓடுபாதையின் கடைசியில்தான் நின்றது.

இறங்கியதும் அவர் கைகூப்பினார். "உசுரக் காப்பாத்திப்போட்டீங்க அம்மணி. எந்த ஊருங்க?"

"காரமடைங்க. உங்க தோட்டத்து மாரன் புள்ளைங்க நான்."

கூப்பிய கை பிரிந்தது. "அட, நம்ம மாரன் புள்ளயா நீ? சரி, அந்தப் பையை எடுத்துக்கிட்டு வா" என்று முன்னால் நடந்தார்.

நான் எடுக்கவில்லை. அப்பாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"பண்ணாடிக்கு ஒண்ணும் ஆகலீல்ல கண்ணு? உன் கையில அவருக்கு ஏதாச்சும் ஆயிருந்தா, நாம ஊருக்குள்ள இருக்க முடியுமா?"

"ஒண்ணும் ஆகலீங்கப்பா" என்றேன். அடுத்து என்னைப் பற்றிக் கேட்பார் என்று காத்திருந்தேன். போனை வைத்துவிட்டார்.

அந்த விமானத்தை இறக்கியதில் எனக்கு இன்றும் பெருமைதான். அதைச் சொல்லிக்கொள்ள வீட்டில்தான் ஆளில்லை.